என் மகள் சொன்ன ஆழம்

என் மகள் பாலர் வகுப்பில் படித்த காலம். மாலையில் அவளுக்குச் சொற்களின் பொருளைச் சொல்லிக்கொடுப்பேன்.

"ஆழம் எண்டால் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அப்பா நிண்டாலும் தலை தெரியாத இடம்."

"இதெல்லாம் ஒரு அர்த்தமோ?" என்று சிரித்தேன். 'மேலிருந்து கீழ்வரை உள்ள தூரம்' என்று பாடமாக்க வைத்தேன்.

சில நாட்களின் பின் மூதூருக்கு வள்ளத்தில் போக இறங்குதுறையில் நின்றோம். எங்கள் துறைமுகத்தில் கரையோடேயே நல்ல ஆழம்.

"பிள்ளை, அங்கால ஆழம். போகாதை."

"ஓம் அப்பா" என்றவள் சற்று நேரத்தில் தண்ணீருக்குள் கிடந்தாள். வள்ளக்காரர் ஒருவர் குதித்துத் தூக்கினார். "பிள்ளையின்ர கையைப் பிடிக்காமல் வாயால என்ன கதை, ஐயா?" என்று ஏசினார்.

"ஆழம் எண்டு சொன்னனானெல்லோ?" என்று அவளைக் கேட்டேன். நடுங்கியபடி, "மேலிருந்து கீழ்வரை உள்ள தூரம்" என்று ஒப்புவித்தாள்.

சறுக்கி விழுந்தாளா, தானாக இறங்கினாளா? அவளுக்கும் தெரியவில்லை. அவளிடம் இருந்த பயத்தை நான்தான் அழித்துவிட்டேனோ என்று இன்றும் குழம்புகிறேன்.

பேரப்பிள்ளைகள் சொல்லும் பொருளை இப்போது நான் திருத்துவதில்லை. "எங்கே கண்டனீ?" என்று மட்டும் கேட்பேன். அண்மையில் என் மகளின் மகளிடம் ஆழம் என்றால் என்னவென்று கேட்டேன்.

"அம்மா என்ர கையை நோகப் பிடிக்கிற இடம், அம்மப்பா" என்றாள்.