வேகம் குறைந்த பூசணிக்காய்ப் பாட்டு

போன வருஷம் ஜூன் மாதம், பள்ளிக்கூடங்கள் திறந்திருந்த நேரம். நான் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில். வேலை திருச்சி கே.கே. நகரில், ஒரு வீட்டு மாடியில் இருக்கும் சின்ன ஸ்டூடியோவில். குழந்தைகளுக்கான பாட்டு வீடியோக்கள் தயாரித்து இணையத்தில் வெளியிடுகிறோம். பாடுவதும் வீடியோவைத் தொகுப்பதும் நான். படம் வரைய ஒரு பெண் இருக்கிறாள். மெட்டுப் போடுவதிலிருந்து கரண்ட் பில் கட்டுவது வரை மற்ற எல்லாம் உரிமையாளர். முன்பு கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். நாங்கள் அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம்.

அப்போது எங்கள் பூசணிக்காய்ப் பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. காந்தி மார்க்கெட்டில் லாரியிலிருந்து நழுவிய ஒரு பூசணிக்காய், காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரை உருண்டு வரும் கதை. "உருண்டு உருண்டு போற பூசணி, ஊரைச் சுத்தி வந்தியா நீ?" என்று ஆரம்பிக்கும். படுவேகமான பாட்டு.

ஒருநாள் காலை, படம் வரையும் பெண் தன் போனை என்னிடம் நீட்டினாள். எங்கள் பாட்டு வேறு யாரோ ஒருவரின் சேனலில் இருந்தது. எங்கள் படம், என் குரல். ஆனால் வேகத்தைக் குறைத்திருந்தார்கள். என் குரல் தூக்கக் கலக்கத்தில் பேசுகிறவர் குரல் மாதிரி இழுத்தது. தேடிப் பார்த்தால் எங்களுடைய மற்ற பாட்டுகளும் அப்படியே இருந்தன.

சார் பார்த்ததும், "இது பழைய டெக்னிக்கும்மா. ஸ்பீடைக் குறைச்சுப் போட்டா கம்ப்யூட்டரால கண்டுபிடிக்க முடியாதுன்னு பண்றது. எல்லாத்துக்கும் கம்ப்ளைன்ட் குடுத்துடு. சேனலே போயிடும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அப்படித் திருடுகிறவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை எங்களுடையது என்று புகாரில் குறிப்பிட வேண்டும். அதற்காக ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் பாட்டு நின்றது. பூசணிக்காய் நடுரோட்டில் அப்படியே நிற்கிறது. சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்த வரி. இப்படி நிறுத்தி நிறுத்திப் போட்டால் யார் பார்ப்பார்கள்? திருடுகிறவன் இதை எதற்குச் செய்ய வேண்டும்? எங்கள் ஸ்டூடியோவின் முத்திரையைக்கூட அவர் மறைக்கவில்லை. கீழே ஒரு அம்மா, "அடுத்து காக்கா பாட்டு போடுங்க சார், என் பையன் கேக்கறான்" என்று எழுதியிருந்தார்.

எனக்கு என்னவோ உறுத்தியது. புகாரை அனுப்பாமல், "இந்தப் பாட்டைத் தயாரித்தவர்கள் நாங்கள். தயவுசெய்து எங்களைக் கூப்பிடுங்கள்" என்று ஸ்டூடியோ நம்பரோடு அங்கேயே எழுதினேன்.

மதியமே போன் வந்தது. லால்குடியிலிருந்து ஒருவர். குரலில் நல்ல பயம். "மேடம், தப்புதாங்க. இன்னிக்கே எல்லாத்தையும் எடுத்துடறேன். போலீஸு அது இதுன்னு போயிடாதீங்க" என்றார். எதற்காக இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவருடைய மகளுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காதாம். ஆபரேஷன் செய்து கருவி வைத்திருக்கிறார்களாம். இப்போதுதான் பேச்சுப் பயிற்சி நடக்கிறது. வேகமாகப் பாடினால் அவளுக்கு ஒரே இரைச்சலாகத்தான் கேட்கிறது. அதனால் போனிலேயே வெட்டி ஒட்டி மெதுவாக்கியிருக்கிறார். பயிற்சிக்கு வரும் மற்ற பெற்றோரும் கேட்டதால் இணையத்தில் போட்டிருக்கிறார்.

எதையும் எடுக்க வேண்டாம், இரண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு சாரிடம் போனேன்.

"பாவந்தான். ஆனா இவரை விட்டா, நாளைக்கு எடுக்கறவன் எல்லாம் இதையேதான் சொல்லுவான்" என்றார் சார். ஒரு தடவை நேரில் வரச் சொல்லுவோம் என்று மட்டும் சொன்னேன். அரை மனதாகச் சம்மதித்தார்.

சனிக்கிழமை அப்பாவும் மகளும் பஸ்ஸில் வந்தார்கள். அவர் அறுவடை மிஷின் ஓட்டுபவர். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். ஐந்து வயதுப் பெண். இரட்டைச் சடை, காதுக்குப் பின்னால் கருவி.

சார் பெரிய ஸ்பீக்கரில் எங்கள் பாட்டைப் போட்டார். குழந்தை படத்தைப் பார்த்துச் சிரித்தாள். வாய் அசையவில்லை. பாட்டு முடிந்ததும் அவள் அப்பா தயங்கித் தயங்கித் தன் போனை எடுத்து, தான் மெதுவாக்கியதைப் போட்டார். முதல் வரி இழுத்து இழுத்து ஓடி நின்றது. அந்த மௌனத்தில் அவள் பாடினாள்.

"உண்டு... உண்டு... போத... பூதணி."

பாடிவிட்டு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். அடுத்த வரி வந்தது.

சார் தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, தொழில்காரருக்குத் தொழில்காரர் கேட்பதைப் போல, "ஒவ்வொரு வரிக்கும் எவ்ளோ கேப் விடறீங்க?" என்றார்.

"அவ பாடி முடிக்கிற வரைக்குங்க."

சார் என் பக்கம் திரும்பினார். "ரெக்கார்ட் பண்ணினதை மெதுவாக்கினா குரல் கெட்டுப் போகுதும்மா. இந்தக் குழந்தை கேக்கறது உன் குரலே இல்லை. நீயே மெதுவாப் பாடிடு" என்றார்.

அன்றைக்கே பாடினோம். மெதுவாகப் பாடுவது சுலபமில்லை. பழகிய மெட்டு என்னை முன்னால் இழுத்துக்கொண்டே இருந்தது. பாதி வரியில் மூச்சு தீர்ந்தது. எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று தெரிவதற்காகக் குழந்தையையும் பாடும் அறைக்குள்ளேயே உட்கார வைத்தோம். அவள் முடிக்கும் வரை நான் காத்திருப்பேன். ஒரு இடத்தில் அவள் பாடவே இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து, என் தொண்டையில் உள்ளங்கையை வைத்தாள்.

"பயிற்சியில அப்படித்தாங்க சொல்லிக் குடுத்திருக்காங்க. நீங்க பாடுங்க, அவ தொட்டுப் பாக்கட்டும்" என்றார் அவள் அப்பா. பாடினேன். அவள் இன்னொரு கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு திருப்பிப் பாடினாள். இந்த முறை 'பூசணி' சரியாக வந்தது. அடுத்த முறை மறுபடியும் 'பூதணி'தான்.

மெதுவான பாட்டை எங்கள் சேனலிலேயே வெளியிட்டோம். குழந்தையின் அப்பா தான் போட்டதையெல்லாம் எடுத்துவிட்டார். மெதுவான பாட்டைப் பார்ப்பவர்கள் குறைவுதான். சார் அவ்வப்போது அலுத்துக்கொள்வார். ஆனாலும் புதுப்பாட்டு எது முடிந்தாலும், "மெதுவானதையும் பாடிட்டுப் போயிடும்மா" என்பார்.

இத்தனை வருஷங்களாகச் 'சேர்ந்து பாடுங்கள் குழந்தைகளே' என்று சொல்லித்தான் ஒவ்வொரு வீடியோவையும் ஆரம்பித்திருக்கிறேன். அவர்கள் பாட எவ்வளவு நேரம் ஆகும் என்பதை லால்குடிக்காரர் ஒருவர் வந்த பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன்.