மீடியம் அம்மாளைத் தேடிய டெட்டே மாஸ்டர்

"இந்த மீடியம் அம்மாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? எத்தனை பிள்ளைங்க? நிமிர்ந்து நடப்பாங்களா, கூனிக்கிட்டா?" கத்தரிக்கோலைத் தொடுமுன் டெட்டே மாஸ்டர் விசாரணையைத் தொடங்கிவிட்டார். வாயில் ஆறு குண்டூசி. பேச்சு பல்லிடுக்கில்தான் வரும்.

"மாஸ்டர், மீடியம்னா ஆளு இல்ல, அளவு," என்றாள் நா டெடே. அக்ரா நகரில் தையல்காரர்கள் கூடித் தைக்கும் ஆடை மையத்தை நடத்துபவள்.

"ஆளே இல்லாம அளவு எங்கேருந்து மேடம் வந்துச்சு?"

நியாயமான கேள்வி. முப்பது வருஷமாக அவர் கண்ணால் பார்க்காத உடம்புக்குத் தைத்ததில்லை. தேவாலயத்தில் போதகர் நரகத்தை வர்ணிக்கும்போது மாஸ்டர் முன்வரிசைத் தோள்களை அளந்துகொண்டிருப்பார். அவர் மனைவி அவருக்கு முன்னால் நடப்பதை என்றோ நிறுத்திவிட்டாள்.

மையத்தில் தடைபடாத மின்சாரம், நல்ல இயந்திரங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடல் கடந்த வியாபாரிகள். டென்மார்க்கிலிருந்து இங்கெர் என்ற அம்மாள் மாஸ்டரின் மெழுகுச் சாயம் போட்ட பாத்திக் கவுனை நாற்பது கேட்டிருந்தாள். எல்லாம் மீடியம். கழுத்துப் பட்டியில் 'டெட்டே, அக்ரா' என்று பெயர் இருக்கும். மாதிரிப் பட்டி ஒன்றைத் தம் சட்டைக்கு வெளிப்புறமாகத் தைத்துக்கொண்டு மாஸ்டர் ஊர் முழுக்க உலாவி வந்துவிட்டார். இனி ஆர்டர் கைநழுவிப் போனால் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

தைத்த கவுன்களைப் பார்க்க இங்கெர் நேரில் வந்து அளவு நாடாவைப் பிடித்தாள். மூன்று கவுன் அளந்ததும் நாற்காலியைத் தேடினாள்.

"ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்லையே!"

"எப்படி இருக்கும் மேடம்? இது கோர்க்கோர் ஆன்ட்டி. அது ஜட்ஜ் சம்சாரம். இந்தா, இது மீன்காரம்மா. முதுகுல இடம் விட்டிருக்கேன், பேரப்பிள்ளையக் கட்டித் தூக்கணும்ல?"

நா டெடே தலையில் கைவைத்தாள். "மாஸ்டர், என்னைக் கொன்னுட்டீங்க!"

இங்கெர் மூலையில் நின்ற, துணி மாட்டும் பொம்மையைக் காட்டினாள். "இதுதான் மீடியம். வெள்ளிக்கிழமைக்குள்ள நாற்பதும் இவளுக்குப் பொருந்தணும். இல்லன்னா ஆர்டர் வேண்டாம்."

மாஸ்டர் பொம்மையைச் சுற்றி வந்தார். "யாரு பெத்த பிள்ளையோ," என்று முனகிவிட்டு, "மன்னிக்கணும் மேடம்," என்று அதனிடம் அனுமதி கேட்டு, இடுப்பில் நாடாவைச் சுற்றினார். இங்கெர் தந்த அளவு அட்டவணைக் கணக்கு அச்சாகப் பொருந்தியது. நா டெடேவுக்கு மூச்சு வந்தது. அதற்குள் மாஸ்டர் நாடாவுக்கும் வயிற்றுக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துத் தளர்த்திவிட்டார்.

"அது எதுக்கு?" என்றாள் இங்கெர்.

"மத்தியானம் சாப்பிடுவாங்கல்ல?"

"நாற்பதுக்கும் இதே ரெண்டு விரல்தானா?"

"சத்தியமா மேடம்."

இங்கெர் பேனாவை எடுத்தாள். அட்டவணையில் பழைய எண்ணை அடித்துப் புதிதாக எழுதினாள். நா டெடே கண்ணை மூடிக் கர்த்தருக்கு நன்றி சொன்னாள்.

மாஸ்டர் மேசைப் பக்கம் திரும்பினார். அங்கே இங்கெர் வழித்துச் சாப்பிட்டிருந்த காராமணி போட்ட வாச்சேச் சோற்றுத் தட்டு. அதை ஒரு பார்வை பார்த்தார். பொம்மை இடுப்பு நாடாவுக்குள் மூன்றாவது விரலையும் நுழைத்தார்.