ஓரகத்தி சொன்ன ரேட்

பிரபாவதி ஷார்ஜாவில் வீடு சுத்தம் செய்து கொடுக்கும் கம்பெனி நடத்துகிறாள். கம்பெனி என்றால் ஒரு லைசென்ஸ், ஒரு பழைய வேன், நேபாளத்துப் பெண்கள் மூன்று பேர். ஃபோனிலேயே ரேட் சொல்லிவிடுவாள். "எத்தனை பெட்ரூம்? பால்கனி உண்டா?" இவ்வளவுதான் கேள்வி. யாராவது இழுத்தால் ஐம்பது திர்ஹம் குறைப்பாள். ஏழெட்டு வருஷமாக அப்படியே ஓடியது.

கொழுந்தன் பெண்டாட்டி ஜெயபாரதி தேவகோட்டையிலிருந்து வந்தபோது, இவள்தான் அவளை வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள். கொஞ்ச காலத்தில் பாரதி தனியாக லைசென்ஸ் எடுத்துவிட்டாள். அதைக்கூடப் பிரபாவதி பொறுத்துக்கொண்டாள்.

பொறுக்க முடியாமல் போனது மின்ஹா வீட்டு விஷயத்தில். கீழக்கரைக்காரியான மின்ஹா, மிர்திஃபில் ஒரு வில்லாவுக்குக் குடிபோக இருந்தாள். பிரபாவதி ஃபோனில் நானூறு சொல்லியிருந்தாள்.

"இல்லக்கா, பாரதியையே வரச்சொல்லலாம்னு இருக்கேன். அவங்க அறுநூத்தம்பது கேட்டாங்க."

"என்னைவிடக் கூடவா? எதுக்கு?"

"நேர்ல வந்து பாத்தாங்க. அடுப்படி அலமாரிக்கு மேல கையை வெச்சுக் காட்டினாங்க. முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போன எண்ணெய்ப் பிசுக்கு அவ்ளோ இருக்கு."

நம்மிடம் வேலை கற்றவள் நம்மைவிட அதிகம் கேட்கிறாள், அதற்கும் ஆள் சம்மதிக்கிறது! பிரபாவதிக்கு வயிறு எரிந்தது.

"நான் முன்னூறுக்கே செஞ்சு தர்றேன்" என்றாள்.

மின்ஹா கொஞ்சம் தயங்கிவிட்டுச் சரி என்றாள். அன்று முழுக்கப் பிரபாவதிக்குத் தரையில் கால் பாவவில்லை. வேலை கைவிட்டுப் போனது தெரிந்ததும் பாரதியின் முகம் எப்படி வாடும் என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

வில்லாவுக்குள் போன பிறகுதான் தெரிந்தது. மூன்று பெண்களோடு அவளும் ஸ்டூலில் ஏறித் தேய்த்தாள். பிசுக்கு அசையவில்லை. ஒரு நாளில் முடியாமல், மறுநாளுக்கு ஒப்புக்கொண்டிருந்த இரண்டு ஃபிளாட்டுகளை விட வேண்டியதாயிற்று. இரண்டாம் நாள் மத்தியானம் பாரதி கூப்பிட்டாள்.

"அக்கா, அந்த வில்லாவை நீங்களா எடுத்தீங்க? நல்லதாப் போச்சு. எனக்கு இந்த வாரம் மூச்சுவிட நேரமில்ல. எப்படிச் சமாளிக்கிறதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன்."

நக்கலா, உண்மையா? குரலில் ஒன்றும் தெரியவில்லை.

"அந்தப் பிசுக்குக்கு என்கிட்ட ஒரு லிக்விட் இருக்கு. டிரைவர்கிட்டக் கொடுத்துவிடட்டுமா?"

"ஒண்ணும் வேண்டாம். இங்க எல்லாம் முடிஞ்சிருச்சு" என்று ஃபோனை வைத்தாள். அப்புறம் சாயங்காலம் வரை அலமாரியைச் சுரண்டினாள். வாங்கிய முன்னூறு, பெண்களின் சம்பளத்துக்கே பத்தவில்லை.

அடுத்த வாரம் அல் நஹ்தாவில் ஒரு வீட்டுக்கு முதல்முறையாக நேரில் போய்ப் பார்த்தாள். பாரதி மாதிரியே அலமாரிக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். ஐந்நூறு பெறுகிற வேலை. மனசைத் திடப்படுத்திக்கொண்டு, "எழுநூறு" என்றாள். வீட்டுக்காரர் பேரமே பேசவில்லை. "எப்ப வருவீங்க?" என்றுதான் கேட்டார்.

லிஃப்டில் இறங்கும்போது பிரபாவதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேனில் ஏறி உட்கார்ந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாரே, பாரதியாக இருந்தால் இன்னும் எவ்வளவு கேட்டிருப்பாள்? வண்டியைக் கிளப்பாமல் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.