வெள்ளி நாரைக்கு நான் வெட்டிய வசனங்கள்

1. பலூன்

சிதம்பரத்தில் மேலவீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் காமிக்ஸ் ஆபீஸ். முதல் நாள், ஆசிரியர் ராமலிங்கம் சார் ஒரு பக்கத்தைத் திரையில் காட்டி, வசனம் வரும் வெள்ளை வட்டத்தைத் தொட்டார்.

"இதுக்குப் பேரு பலூன். வெளிநாட்டுக்காரன் அவன் பாஷைக்கு அளவெடுத்து வரைஞ்சது. நம்ம தமிழ் அதுல அடங்காது. அடக்கணும். அதாம்மா ஒன் வேல."

வேலை அவ்வளவுதான் என்று நினைத்தேன். மொழிபெயர்ப்பாளர் அனுப்பும் வசனத்தை பலூனுக்குள் போட்டால் நாலு பக்கமும் பிதுங்கும். ஃபான்ட் அளவைக் குறைத்தால், கண்ணாடி போட்ட வாசகர்கள் போன் செய்து திட்டுவார்கள். அதனால் வாக்கியத்தை வெட்டுவேன். ஒருமுறை, நாங்கள் தமிழில் போடும் தொடரில் வீரர் குழுவின் தலைவன் இடிவேந்தன் பேசும் வசனத்தில் இரண்டு வரியைக் குறைத்துவிட்டேன். ஒரு வாரம் போன் ஓயவில்லை. "எங்க வேணா கை வை, தலைவன் வசனத்துல மட்டும் வைக்காத" என்றார் சார்.

அன்றிலிருந்து யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில் வெட்டினேன். அந்த இடத்தின் பெயர் வெள்ளி நாரை.

ஐந்து பேர் குழுவில் அவள் ஐந்தாவது. சண்டை போட மாட்டாள். அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு பறப்பாள். எப்போதும் பேனல் என்கிற படக்கட்டத்தின் மூலையில் நிற்பதால் அவளுடைய பலூன் சின்னது. பத்து வார்த்தையை "சரி" என்று ஆக்கினேன். பதினைந்து வார்த்தையை "வருகிறேன்" என்று ஆக்கினேன். எங்கள் மொழிபெயர்ப்பாளர் அச்சான புத்தகத்தைத் திறக்கவே மாட்டார். தப்பு கண்ணில் பட்டால் தூக்கம் போய்விடுமாம்.

சாயங்கால பாசஞ்சர் ரயிலில் முதுநகரில் இருக்கும் வீட்டுக்குத் திரும்புவேன். கிள்ளை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி மெதுவாகும். கீழே உப்புத் தண்ணீரில் நாரைகள் அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில் எனக்குக் கண் சொருகிவிடும். கனவில் எதிர் சீட்டில் வெள்ளி நாரை இறக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெள்ளிச் சிறகில் சாயங்கால வெயில் ஊறிக்கொண்டிருக்கும். ஏதோ சொல்ல வாயைத் திறப்பாள். அதற்குள் புதுச்சத்திரத்தில் ஏறிய யாராவது, "கூடைய வைக்கணும், காலை நகத்துமா" என்று என்னை எழுப்பிவிடுவார்கள்.

2. கை தூக்கச் சொன்ன நாள்

வெள்ளி நாரைக்கென்றே ஒரு தனிப் புத்தகம் வெளிநாட்டில் வந்திருந்தது. அதைத் தமிழில் போடலாமா என்று வாசகர்களைக் கேட்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்ன ஹாலில் கூட்டம் வைத்தார் சார். பாதிப் பேர் கை தூக்கினால் போடுவது, இல்லையென்றால் விட்டுவிடுவது என்று பேச்சு.

பேங்க்கில் வேலை பார்க்கும் பாஸ்கரன் எழுந்தார். கதை எழுதியவனுக்கே அவள் மேல் அக்கறை இல்லை என்றார். தலைவன் கண்ணீர் விட ஒரு ஆள் தேவைப்படும்போதெல்லாம் அவளுக்கு அடிபட வைக்கிறான் என்றார். "அஞ்சு புக்குல அவ பேசுனத ஒரு போஸ்ட் கார்டுல எழுதிடலாம். அவளுக்குத் தனி புக்கா?" என்று கேட்டதும் ஹாலே தலையாட்டியது.

எதிர்த்துப் பேசியவர் செல்வம் ஒருவர்தான். கம்மாபுரத்தில் பம்ப் மோட்டார் ரிப்பேர் செய்பவர். இரண்டு பஸ் மாறி வருவார். டூல்ஸ் பெட்டியின் மூடியில் வெள்ளி நாரையின் படத்தை ஒட்டியிருப்பார்.

"எழுதுனவரு வேணும்னேதான் அவள பேச வைக்கல. பேசுறவன்லாம் சண்ட போடுறான். அவ தூக்கிகினு போறா. அது போதாதா?" என்றார்.

யாருக்கும் போதவில்லை. சார் கை தூக்கச் சொன்னார். செல்வத்தோடு சேர்த்து ஏழெட்டுக் கைகள்தான் எழுந்தன. புத்தகம் அவ்வளவுதான்.

நான் எழுந்தேன். வேலை போனால் போகட்டும் என்று துணிந்து எழுந்ததாகச் சொன்னால் பொய். போகக் கூடாது என்று மாதாவை வேண்டிக்கொண்டேதான் எழுந்தேன். கதை எழுதியவர் அவளை நன்றாகத்தான் பேச வைத்தார், பலூனில் அடங்காமல் வெட்டியது நான் என்று சொன்னேன். வெட்டிய வரிகளை நான் அழித்ததில்லை. திரையில் பக்கத்துக்கு வெளியே சாம்பல் நிறத்தில் ஒரு காலியிடம் இருக்கும். அங்கே இருப்பது அச்சில் வராது. எல்லாவற்றையும் அங்கே நகர்த்தி வைத்திருந்தேன். ஏன் என்று எனக்கே தெரியாது. மனசு வரவில்லை.

ஒரு வரி எனக்கு மனப்பாடமாகத் தெரியும். இரண்டாவது புத்தகத்தில், இடிவேந்தனைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு மேல் பறக்கும்போது அவள் பேசுவது. அதைச் சொன்னேன்.

"உங்களையெல்லாம் இறக்கிவிட்ட பிறகு நான் எங்கே இறங்குவேன் என்று யாரும் கேட்டதில்லை."

அந்த இடத்தில் நாங்கள் அச்சிட்டது, "பிடித்துக்கொள்."

பாஸ்கரன்தான் முதலில் கை தூக்கினார். பிறகு ஒவ்வொன்றாக எழுந்து ஹால் நிறையக் கைகள். சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், பழைய புத்தகங்களையும் திருத்தித் திரும்பப் போடுவோம் என்று மட்டும் சொன்னார். சந்தோஷத்தில் செல்வத்தைத் தேடினேன். அவருடைய கை இறங்கியிருந்தது.

3. செல்வம்

படிக்கட்டில் அவரைப் பிடித்தேன். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப இத்தினி வருஷமா நான் படிச்சது நீங்க வெட்டுனதுதானாக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எங்கூட்ல நானும் பேச மாட்டேன். அவளும் நம்மள மாதிரின்னு ஒரு தெம்பா இருந்துச்சி" என்று சொல்லிவிட்டு பஸ்சுக்குப் போய்விட்டார்.

அவளுக்கு நல்லது செய்யப்போய் அவருக்குத் துணையாக இருந்த ஒருத்தியைப் பறித்துவிட்டேன். பாசஞ்சரில் அன்றைக்குக் கண் சொருகவேயில்லை. புதுச்சத்திரம் வரை அழுதேன்.

பிறகு தனிப் புத்தக வேலை தொடங்கியது. அதில் பக்கத்துக்குப் பக்கம் அவள்தான் பேசுகிறாள். ஒரு சொல்லையும் வெட்டாமல் ஃபான்ட்டை அரை பாயின்ட் குறைத்தேன். கண்ணாடிக்காரர்கள் திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். அச்சு வந்ததும் முதல் பிரதியைக் கம்மாபுரத்துக்கு அனுப்பினேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நாம் வெட்டுவதும் எழுதுவதுதான். நாம் விட்ட காலியிடத்தையும் ஒருவர் உட்கார்ந்து படிக்கிறார். வெட்டியே ஆக வேண்டும் என்றால், மொழிபெயர்த்தவரிடம் சொல்லிவிட்டு வெட்டுங்கள்.

பத்து நாள் கழித்து செல்வம் போன் செய்தார். பின்னால் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"படிச்சேன்க்கா. ரொம்ப ஜாஸ்தியா பேசுறா" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் மோட்டாரை நிறுத்தினார்.

"வுடுங்கக்கா, பேசட்டும். நான் கேட்டுகினு இருக்கேன்."