டைமிங் பெல்ட்டுக்குப் பூக்கட்டிப் பார்த்தோம்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: பெரியப்பா, அப்பா, சித்தப்பா, நான். அடுப்படியில் இருந்தபடியே கலந்துகொண்டவர்: அம்மா. வராதவர்: அன்னவாசல் ரபீக் பாய், கார் மெக்கானிக்.

வராதவர் என்றால், அவரை யாரும் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டிருந்தால் கூட்டமே தேவைப்பட்டிருக்காது. அப்புறம் எங்கள் வீட்டு ஆண்கள் ஞாயிற்றுக்கிழமையை எப்படித்தான் கழிப்பது?

விவாதப் பொருள்: எங்கள் காரின் டைமிங் பெல்ட்டை மாற்றுவதா, வேண்டாமா?

வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு எங்கள் காரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் கை டீசல் கார். வாங்கும்போதே ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. இப்போது ஒரு லட்சத்து அறுபத்து நாலாயிரம்.

பெருமைக்காக வாங்கிய கார் இல்லை. பெரியப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலைநிறுத்தம் செய்து மூன்று வருஷமாகிறது. செவ்வாய், வியாழன், சனி - புதுக்கோட்டையில் டயாலிசிஸ். முதல் இரண்டு மாதம் பஸ்ஸில் போய் வந்தார். ஒருநாள் திரும்பி வரும்போது கம்பியைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். மறுவாரம் கார் வந்தது. அதாவது, அந்தக் கார் நின்றால் எங்கள் வீட்டில் நிற்பது கார் மட்டும் இல்லை.

இப்போது பெல்ட்டுக்கு வருவோம். இன்ஜினின் மேல்பாதியும் கீழ்பாதியும் தாளம் தப்பாமல் சுற்றுவதற்காக உள்ளே ஒரு ரப்பர் பட்டை இருக்கிறது. அதுதான் டைமிங் பெல்ட். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதி, இன்ஜின் காலி. முன்கூட்டி எந்த அறிவிப்பும் வராது. எங்கள் சொந்தக்காரர்கள் சிலர் பேச்சை நிறுத்துவதுபோல், ஒரு நொடியில் முடிந்துவிடும்.

ஆயில் மாற்றப் போனபோது ரபீக் பாய்தான் கேட்டார். "தம்பி, இதுக்கு பெல்ட்டு எப்ப மாத்துனது?"

யாருக்குத் தெரியும்? காரை விற்றவருக்கு போன் போட்டேன். "நான் வாங்கும்போதே நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். இதைவிட நேர்மையான பதிலை இந்த வியாபாரத்தில் எதிர்பார்க்க முடியாது.

"ஒரு லட்சத்துலயே மாத்திருக்கணும் தம்பி. பெல்ட்டு, அதை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரு, தண்ணி பம்பு... மூணையும் ஒண்ணா மாத்திரணும். கூலியோட ஒம்பதாயிரத்தி அறுநூறு. தள்ளிப் போடாதீங்க."

இவ்வளவுதான் விஷயம். ஒரு மெக்கானிக் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்ததைத்தான் நாங்கள் நான்கு பேர் ஞாயிறு முழுக்கப் பேசினோம்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எம்.காம். படித்துவிட்டு புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஆகவே ரேஷன் கார்டு திருத்தம், பட்டா மாறுதல், பெரியப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், டி.வி. ரிமோட் எல்லாமே என் துறைதான். 'படிச்ச புள்ள சொல்லட்டும்' என்று மரியாதையாக ஆரம்பிப்பார்கள். நான் சொல்லி முடித்ததும், 'புத்தகத்துல அப்படித்தான் எழுதியிருப்பான்' என்று முடித்துவைப்பார்கள்.

காரின் கையேட்டை செல்போனில் இறக்கி, மொழிபெயர்த்து வாசித்துக் காட்டினேன். அதிலும் ஒரு லட்சத்தில் மாற்றவும் என்றுதான் இருந்தது.

சித்தப்பா சிரித்தார். "இத எழுதுனவன் இலுப்பூர் ரோட்டப் பாத்துருப்பானாடா?"

"பார்த்திருந்தா அம்பதாயிரத்துலயே மாத்தச் சொல்லியிருப்பான் சித்தப்பா."

"பேச்சப் பாரு. நான் குவைத்துல பதினேழு வருசம் வண்டி ஓட்டுனவன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ பெல்ட்டு மாத்துனேனான்னு கேளு?"

உண்மைதான். மாற்றியதில்லை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை முதலாளி காரையே மாற்றிவிடுவார் என்று இதே சித்தப்பாதான் முன்பு பெருமையாகச் சொன்னார். பதினேழு வருஷத்தில் அவர் பானெட்டைத் திறந்தது கண்ணாடி துடைக்கும் தண்ணீர் ஊற்றுவதற்காக மட்டுமே. இருந்தாலும் வெளிநாட்டு அனுபவம் வெளிநாட்டு அனுபவம்தான் இல்லையா? அதை எதிர்த்து எம்.காம். நிற்க முடியுமா?

"ஓடுற வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுப்பா. அங்கிட்டு இங்கிட்டுக் கழட்டி மாட்டுனாத்தான் சனியன் புடிக்கும்" என்று முடித்தார்.

பெரியப்பா கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்காக இன்னும் எத்தன பார்ட்ஸ் மாத்துவீங்க? என் ஒடம்புல ஒரிஜினல் ரெண்டும் போயிருச்சு. மாத்துறதா இருந்தா எனக்கு மொதல்ல மாத்துங்கடா."

சிரிக்கச் சொன்னதுதான். யாரும் சிரிக்கவில்லை. தன்னால் காசு கரைகிறது என்ற எண்ணம் அவருக்கு. அதனால் செலவு என்று எது வந்தாலும் வேண்டாம் பக்கம்தான் கை தூக்குவார்.

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "ஏய்யா, அது அறுந்தா என்ன ஆகும்னு மட்டும் சொல்லு."

"போய்க்கிட்டு இருக்கும்போதே நின்னுரும்மா. இன்ஜின் போயிரும்."

"அப்ப மாத்தித் தொலைங்களேன். இதுக்கா ரெண்டு தடவ டீ போடச் சொன்னிய?"

அன்றைக்குச் சொல்லப்பட்ட ஒரே அறிவான வார்த்தை இதுதான். ஆனால் அடுப்படியில் வழங்கப்படும் தீர்ப்பு எங்கள் வீட்டுக் கூடத்தில் செல்லாது. தீர்ப்பை விட்டுவிட்டு டீயை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அப்பா கடைசியாகப் பேசினார். அவர் எப்போதுமே கடைசியாகத்தான் பேசுவார். "ரெண்டு பேரு சொல்றதுலயும் ஞாயம் இருக்கு."

எங்கள் வீடு என்றில்லை, பெரும்பாலான வீடுகளில் முடிவெடுப்பது என்றால் சரியானதைக் கண்டுபிடிப்பது இல்லை - யாருக்கும் முகம் சுருங்காமல் பார்த்துக்கொள்வது. தெரிந்தவன் பேச்சையும் தெரியாதவன் பேச்சையும் கூட்டி இரண்டால் வகுப்பார்கள். வருகிற விடைக்குக் குடும்ப ஒற்றுமை என்று பெயர்.

"கருப்பர்ட்டயே கேட்டுருவோம்" என்றார் அப்பா.

கூட்டம் ஒரே மனதாக ஏற்றுக்கொண்டது.

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய். சிவப்பு வந்தால் விடு. கல்யாணம், போர்வெல், காணி கிரயம்... எல்லாவற்றுக்கும் கருப்பர் உத்தரவு கொடுத்திருக்கிறார். இயந்திர உதிரிபாகம் என்பது அவருக்கும் இதுதான் முதல் தடவை.

நான் ஏன் ஆட்சேபிக்கவில்லை? உள்ளதைச் சொல்கிறேன். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறதே என்று கணக்குப் போட்டேன். வீட்டுக் கூட்டத்தில் எனக்கு அந்த அளவு வாய்ப்பு ஒருநாளும் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை. பூசாரி பொட்டலங்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "என்னன்னு கேக்கணும்?"

அப்பா என்னைப் பார்த்தார். படிச்ச புள்ள!

கேள்வி தெளிவாக இருக்க வேண்டும், மழுப்பலாக இருக்கக்கூடாது என்று வகுப்பில் தினமும் கத்துகிறவன் நான். ஆகவே கணீரென்று சொன்னேன். "காரின் டைமிங் பெல்ட்டை மாற்றலாமா?"

வெள்ளை!

எனக்கு வந்த மகிழ்ச்சி இருக்கிறதே... எம்.காம். ரிசல்ட் வந்த அன்றுகூட அப்படி வரவில்லை. சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையில் அடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் அமைதியாகத் திருநீறு பூசிக்கொண்டார். கோயிலை விட்டு வெளியே வந்து செருப்பு மாட்டும்போதுதான் வாயைத் திறந்தார்.

"அண்ணே, கேட்டது பெல்ட்டு. உத்தரவு வந்ததும் பெல்ட்டுக்குத்தான். அந்த டென்ஷனரு, தண்ணி பம்பு... அதுக்கெல்லாம் நாம கேக்கவே இல்லையே?"

அப்பா நின்றுவிட்டார். "ஆமால்ல."

ஓடிப்போய்ப் பூசாரியிடம் மறுபடி கேட்கச் சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "ஒரே நாளுல ரெண்டு தடவ கேட்டா கோவம் வந்துரும் தம்பி. அடுத்த வெள்ளிக்கிழம வாங்க."

"சரி, அடுத்த வாரம் கேட்டுட்டு மூணையும் மாத்துவோம்" என்றேன்.

சித்தப்பா என் தோளில் கை போட்டார். "அதுவரைக்கும் அறுந்துபோற பெல்ட்டோட பெரியப்பாவ ஏத்திக்கிட்டுப் போகச் சொல்றியா? நீதானடா ஆபத்து ஆபத்துன்னே?"

என் வாதத்தை எடுத்து என்னையே அடித்தார். குவைத் அனுபவம் என்றால் சும்மாவா!

நான் விடாமல் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பாதியாவது ஜெயித்தோமே என்ற மிதப்பு. அது தோற்றுப்போவதைவிட மோசமான இடம் என்று அப்போது தெரியவில்லை.

அன்றைக்கு மதியமே கார் ரபீக் பாயின் ஒர்க்ஷாப்பில் நின்றது. பெல்ட் மட்டும் போதும் என்றதும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்தார்.

"அண்ணே, பழைய டென்ஷனர் உருளையில புதுப் பெல்ட்டப் போட்டா, புதுசு இழுக்குற இழுப்புக்குப் பழசு தாங்காது. பெல்ட்டப் போட்டதே வீணாப்போயிரும்."

"உத்தரவு பெல்ட்டுக்குத்தான் பாய்" என்றார் அப்பா.

அடுத்தவர் சாமி விஷயத்தில் தலையிடாத நாகரிகம் பாய்க்கு உண்டு. பில் புத்தகத்தை எடுத்து, 'டென்ஷனர், பம்ப் வேண்டாம் என்று பார்ட்டி சொன்னது' என்று எழுதி நீட்டினார்.

"யாராச்சும் ஒரு கையெழுத்து."

அப்பாவும் சித்தப்பாவும் என்னைப் பார்த்தார்கள். கையெழுத்து எப்போதுமே என் துறை. போட்டேன், தேதியோடு. பெல்ட்டும் கூலியும் நாலாயிரத்து நானூறு. 'ஐயாயிரத்து இருநூறு மிச்சம்' என்று வழியெல்லாம் சித்தப்பா கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

பதினோரு நாள். நடுவில் வந்த வெள்ளிக்கிழமை, வண்டிதான் நன்றாக ஓடுகிறதே என்று கோயில் பக்கம் யாரும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை. சித்தப்பா ஓட்டுகிறார், முன்சீட்டில் பெரியப்பா, பின்னால் நான். எட்டு மணிக்குப் பெரியப்பா மெஷினில் இருக்க வேண்டும். சித்தன்னவாசல் பிரிவைத் தாண்டியதும் இன்ஜினிலிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம்.

"என்ன சித்தப்பா?"

"புதுப் பெல்ட்டுல்ல? பழகுற வரைக்கும் கத்தும்."

கத்தியது. அப்புறம் 'டக்' என்றது. அப்புறம் எதுவுமே கேட்கவில்லை. கார் தானாக உருண்டு ஓரத்தில் போய் நின்றது.

சித்தப்பா சாவியைத் திருப்பினார். உள்ளே இரும்பு இரும்பை இடித்தது. மறுபடி திருப்பினார். நான் ரபீக் பாய்க்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லும் முன்பே அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது. "சாவியத் தொடாதீங்க! அவர் கையத் தட்டி விடுங்க தம்பி!" என்று கத்தினார். அதற்குள் மூன்றாவது முறையும் திருப்பியாயிற்று.

பெரியப்பாவுக்கு அன்றைக்குக் கால் இரண்டும் ஏற்கெனவே வீங்கியிருந்தது. ஞாயிறு, திங்கள் சேர்ந்த தண்ணீர் முழுக்க உடம்பில். மூச்சை எண்ணி எண்ணி விட்டார். மூன்று பஸ் போனது, மூன்றிலும் நிற்கக்கூட இடமில்லை. கடைசியில் தேங்காய் ஏற்றிய ஒரு மினி லாரி நின்றது. டிரைவரின் பக்கத்தில் அவரைத் தூக்கி உட்காரவைத்தேன். நான் பின்னால் தேங்காய்களின் மேல்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது ஒன்பதேகால்.

நர்ஸம்மா கடிகாரத்தைக் காட்டினார். "பன்னெண்டுக்கு அடுத்த ஆள் வந்துருவாங்க. நாலு மணி நேரம் ஓட வேண்டியது, இன்னிக்கு ரெண்டே முக்கால்தான். ஏன்ப்பா, படிச்சவனாத்தான தெரியுற? நேரத்துக்குக் கூட்டிட்டு வரத் தெரியாதா?"

என்ன பதில் சொல்வது? உத்தரவு பெல்ட்டுக்கு மட்டும்தான் வந்தது என்றா?

மறுநாள் காலை பெரியப்பாவின் முகம் ஊதிப்போய்க் கண்ணே தெரியவில்லை. வாடகைக் காரில் அள்ளிக்கொண்டு ஓடினோம். கூடுதலாக ஒரு முறை மெஷினில் போட்டார்கள். மதியத்துக்கு மேல் மூச்சு சீரானது. அம்மா கட்டிலின் ஓரத்தில் நின்று பெரியப்பாவுக்கு விசிறிக்கொண்டிருந்தார், எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்று எங்கள் மூன்று பேருக்கும் இருந்தது.

பேசியது பெரியப்பாதான். கண்ணைத் திறக்காமலே, "டேய் தம்பி..." என்று சித்தப்பாவைக் கூப்பிட்டார். "கருப்பரு அவரு பொறுப்புக்கு இருந்த பெல்ட்டக் காப்பாத்திட்டாரா?"

உண்மையிலேயே பெல்ட் அறுந்திருக்கவில்லை. ரபீக் பாய் கழற்றிக் காட்டினார். டென்ஷனரின் பேரிங் நொறுங்கி, பெல்ட் சக்கரத்தின் பல் தாண்டித் தாளம் தப்பிவிட்டது. எட்டு வால்வும் வளைந்துவிட்டன. கருப்பரை நான் குறை சொல்லமாட்டேன். கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொன்னார். முந்தைய வாரமே கேட்காமலேயே முழுப் பதிலையும் ஒருவர் சொல்லியிருந்தார். அவருக்குத்தான் நாங்கள் பூக்கட்டவில்லை.

இந்த முறை கூட்டம் இல்லை. டீ இல்லை. ரபீக் பாய் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மூன்று தலைகளும் ஒரே தாளத்தில் ஆடின. வால்வுகள், ஹெட் வேலை, கேஸ்கெட், மறுபடியும் ஒரு பெல்ட், டென்ஷனர், தண்ணி பம்ப், கூலி, காரைக் கட்டி இழுத்து வந்த வண்டி, கார் படுத்துக் கிடந்த நாட்களில் பெரியப்பா போய்வந்த வாடகைக் கார்.

ஐயாயிரத்து இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்த வகையில் எங்களுக்கு ஆன மொத்தச் செலவு: நாற்பத்தொன்பதாயிரத்து எழுநூறு ரூபாய்.