சத்தம் போட்டுப் படித்தவள்

மேரி போய்விட்டாள் என்ற செய்தி, நான் ஹட்டனில் பஸ்ஸுக்கு நின்றபோது வந்தது. மூளைக்காய்ச்சலாம். மஸ்கெலியாவுக்குப் போய்ச் சேர்ந்தால், அவள் வீட்டு வாசலில் பெரிய பதாகை: 'பல்கலைக்கழகம் சென்ற எங்கள் தோட்டத்தின் முதல் மகள்.' சென்றவள் ஏன் பட்டமில்லாமல் திரும்பினாள் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. கெம்பஸ் விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்தவள் நான். அதனால் நான் சொல்கிறேன். பிடிக்காதவர்கள் பதாகையை மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

மேரி சத்தம் போட்டுப் படிப்பவள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வேறு வழியில்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள், ஒவ்வொன்றிலும் இருப்பதே ஒரு அறை. பக்கத்து வீட்டு டீவி, தம்பி தங்கைகளின் சண்டை, குடித்துவிட்டு வரும் அப்பா. அத்தனைக்கும் மேலே கத்தினால்தான் பாடம் அவள் காதில் விழும். பாடசாலையில் கொடுத்த குறிப்புகளை அப்படியே மனப்பாடம் செய்தாள். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு வந்தது, ஆசிரியர்கள் மாலை போட்டார்கள். அவளுக்குப் படிக்கத் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள், பாவம்.

கெம்பஸ் நூலகத்தில் முதல் நாளே எழுப்பி வெளியே அனுப்பினார்கள். விடுதியில் துணி துவைக்கும் இடத்தில் நின்று படித்தாள். அதைக் கண்டுபிடித்த சீனியர் அக்காமார் அவளைக் கென்டீன் கதிரையில் ஏற்றி, "எங்க, ரேடியோவப் போடு பாப்பம்" என்றார்கள். ஒரு விரிவுரை முழுவதையும் பிழையில்லாமல் ஒப்புவித்தாள். கைதட்டினார்கள். அது கேலி என்று அறைக்கு வந்து நான் சொன்ன பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

அவள் எழுதிக் கொடுத்த முதல் ஒப்படையை விரிவுரையாளர் திருப்பி நீட்டினார். "இது நான் தந்த குறிப்பு. நீர் என்ன நினைக்கிறீர் எண்டு எழுதும்" என்றாராம்.

மேரி என்னிடம் கேட்டாள்: "நாம என்ன நெனைக்கிறோம்னு இதுக்கு முன்னாடி யாருடி கேட்டா?"

முதலாம் வருடப் பரீட்சையில் விழுந்தாள். அதன் பிறகு கைக்குட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டு புத்தகத்தின் முன் உட்கார்ந்தாள். உதடு அசைந்தால் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொள்வாள். மாதக்கணக்கில் அந்தச் சித்திரவதையைப் பார்த்தேன். கடைசியில் வாய் அடங்கியது. படித்ததைத் தன் சொல்லில் எழுதவும் வந்துவிட்டது. இனி பாஸாகிவிடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

மீள்பரீட்சைக்கு முன் விடுதியை மூடினார்கள். படிக்க வீட்டுக்குத்தான் போனாள். இப்போது அவளுக்கு அமைதி வேண்டும். லயத்தில் அமைதிக்கு எங்கே போவது? பழையபடி கத்திப் பார்த்தாளாம். ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொன்னதற்கு அவள் அம்மா, "கெம்பஸ் போனதும் நாங்க பேசுறதே ஒனக்கு ஆகலையா?" என்றாராம். மறுபடியும் விழுந்தாள். பிறகு அறைக்குத் திரும்பவேயில்லை.

அப்புறம் ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். போன நத்தார்ப் பண்டிகைக்குத் துணி எடுக்கப் போன இடத்தில், வாய் சும்மா இருக்காமல், "இப்ப ஏதாச்சும் படிக்கிறியாடி?" என்று கேட்டுவிட்டேன்.

சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணும் படிக்கிறதில்ல. இப்பதான் நிம்மதியா இருக்கு."

பொய் சொல்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். பொய்யில்லை. அவள் நினைவாக நான் வைத்திருப்பது அந்த நிம்மதியைத்தான். மாலை போட்டவர்கள், கைதட்டியவர்கள், பதாகை கட்டியவர்கள், யாரையும் மன்னிக்க அது என்னை விடுவதில்லை.