மயில் தட்டில் செருகிய பெயர்

பரளச்சி காளீஸ்வரியின் கைகளை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோருக்குத் தெரியும். முகத்தை ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் அவளேதான்.

அவள் தொழில் சீர்த்தட்டு அலங்காரம். பட்டுப்புடவையை மடித்து மடித்து மயிலாக்கித் தட்டில் உட்கார வைப்பாள். வளையலை அடுக்கிக் கோபுரம் எழுப்புவாள். தேங்காய்க்குக் கண்ணும் மூக்கும் வரைந்து பொண்ணு மாப்பிள்ளையாக்குவாள். தர்பூசணியைச் செதுக்கினால் தாமரை மலரும். இதையெல்லாம் செல்போனில் படம் பிடித்துத் தன் பக்கத்தில் போடுவாள். படத்தில் இரண்டு கை மட்டும் வரும். பக்கத்தின் பெயர் ஸ்ரீநிலா. அந்தப் பெயரில் அவள் குடும்பத்தில் எவரும் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு அருப்புக்கோட்டையில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வேலைக்கு நின்றவள். அங்கே ரிப்பன் வெட்டி, பொட்டலம் மடித்து, ஓய்ந்த நேரத்தில் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் கரிசலில் பருத்தி எடுத்து, மிளகாய் பறித்து முதுகு வளைந்தவர்கள். அந்த வேலைக்குப் போவதில்லை என்று அவள் பள்ளிக்கூட நாளிலேயே முடிவு செய்திருந்தாள். ஆரத்தித் தட்டு சுற்றினால் கண்ணேறு கழியும் என்பதில் அவளுக்கு எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. ஒரு பெண் பிள்ளையின் உடம்பில் நடந்ததை மைக் செட் கட்டி ஊருக்குச் சொல்வதிலும் சம்மதம் இல்லை. ஆனாலும் தட்டு அவளுக்குப் பிடிக்கும். வெறும் எவர்சில்வர் தட்டு தன் கையில் வேறொன்றாக மாறுகிற அந்த நேரம் பிடிக்கும்.

முகம் மறைத்ததற்குக் காரணம் முதல் ஆர்டர். நரிக்குடிப் பக்கம் ஒரு பெரிய வீடு. நேரில் போயிருந்தாள். மாதிரிப் படங்களை எல்லாம் பார்த்து ரசித்த அந்த வீட்டு அம்மா, கடைசியில் எந்த ஊர் என்றார். பரளச்சி என்றாள். பரளச்சியில் எந்தத் தெரு என்றார். சொன்னாள். அந்த அம்மா கோபப்படவில்லை, முகம் சுளிக்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. வளையல் தட்டும் துணித் தட்டும் நீ செய்துவிடு, பழம் பலகாரம் எல்லாம் நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு, அவளுக்கென்று கொண்டுவந்த மோர் டம்ளரைக் கொடுக்காமலே உள்ளே எடுத்துப் போனார். வசவு வாங்கினால் திருப்பிக் கொடுக்கலாம். இப்படி வழவழவென்று ஒதுக்கினால் எங்கே பிடித்து எதைக் கேட்பது?

அதற்குப் பிறகுதான் கையும் ஸ்ரீநிலாவும். சாமான் வாங்க வருகிறவர்களுக்கு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கோகுலின் ஃபிளெக்ஸ் கடையை முகவரியாகக் கொடுத்தாள். காலனி வீட்டில் செய்து முடித்த தட்டுகளை அவள் புருஷன் விஜயபாண்டி தன் லோடு ஆட்டோவில் ஏற்றி அங்கே கொண்டுவந்து இறக்குவான். ஆர்டர் குவிந்தது. பக்கத்தில் புகழ்ந்து எழுதினார்கள். ஒருத்தர், இது மகாலட்சுமியின் கை என்று எழுதினார். இன்னொருத்தர், கையைப் பார்த்தாலே நல்ல குடும்பத்துப் பெண் என்று தெரிகிறது என்றார். அதை வாசித்துக் காட்டியபோது விஜயபாண்டி சோற்றில் கையை வைத்துக்கொண்டே சிரித்தான்.

"நம்ம நல்ல குடும்பமில்லன்னு எவன்டி சொன்னது? சரியாத்தான சொல்லியிருக்காக."

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கோகுல் மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். ஃபிளெக்ஸ் அடிப்பதோடு, நாலைந்து கடைகளின் பக்கங்களையும் பார்த்துக்கொள்கிறவன் அவன். எவ்வளவு அழகான சாமானாக இருந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு ஆள் தெரிய வேண்டும், ஆளைப் பார்த்துத்தான் ஜனம் நம்புகிறது என்பான். அருப்புக்கோட்டையில் மாவரைக்கும் மில்லுக்காரர்கூடத் தன் படத்தைப் போட்டுத்தான் போர்டு வைத்திருக்கிறார், நீங்கள் எதற்குக் கையை மட்டும் காட்டுகிறீர்கள் என்று கேட்பான். காளீஸ்வரி வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். எந்தத் தெரு என்ற கேள்வி அவனை வாழ்க்கையில் எங்கும் நிறுத்தியதில்லை. அவனுக்கு அது விளங்காததில் ஆச்சரியமும் இல்லை.

அந்த வைகாசியில்தான் அடி விழுந்தது. வெளியூரில் யாரோ ஒருவர், அவள் மயில் படங்களை அப்படியே எடுத்துத் தன் பக்கத்தில் போட்டு, தன்னுடைய வேலை என்று ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தார். காளீஸ்வரி அந்தப் பக்கத்தில் போய்க் கேட்டாள். அந்த ஆள் கூசாமல், இது என் கை, உன் கை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று எழுதினார். கீழே பத்துப் பேர் அவருக்கே ஒத்து ஊதினார்கள். ஸ்ரீநிலாதான் திருடுகிறது என்றுகூட ஒருவர் எழுதினார். ஸ்ரீநிலா என்று ஒருத்தி இருந்தால்தானே வந்து நின்று பேச!

அன்றைக்கு அவள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். தெருவைச் சொன்னால் பாதித் தட்டு கையை விட்டுப் போகிறது. சொல்லாவிட்டால் முழுத் தட்டையும் எவனோ தூக்கிக்கொண்டு போகிறான். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே களவுதான். மறுநாள் கோகுல் கடைக்குப் போய், கார்டு அடிக்கச் சொன்னாள். தன் பெயர், புருஷன் பெயர், ஊர். ஸ்ரீநிலா வேண்டாம் என்றாள். விஜயபாண்டிக்கு உள்ளூரப் பயம். இருந்தும் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், "என் பேரையும் போட்ருக்கியே" என்றான். அவன் பெயர் ரேஷன் கார்டைத் தாண்டி அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை.

கார்டு அடித்த பிறகு வந்த முதல் பெரிய வேலை, செல்வலட்சுமியின் வயதுக்கு வந்த மகளுக்குச் சடங்கு. திருச்சுழிக்குப் பக்கத்தில் நிலபுலனோடு வாழ்கிற குடும்பம். செல்வலட்சுமியின் அண்ணன் ராமசுப்புதான் தாய்மாமன். அவர் கொண்டுவரும் சீர் மொத்தத்தையும், இன்னும் பெயர் மாறாத பக்கத்தைப் பார்த்து, ஸ்ரீநிலாவிடம் ஒப்படைத்திருந்தார்கள். எல்லாப் பேச்சும் போனில்தான். தட்டுகளை ஆட்டோவில் ஏற்றும்போது, பட்டுப்புடவை மயிலின் தோகைக்கு முன்னால் காளீஸ்வரி தன் கார்டைச் செருகினாள். ஒரே ஒரு கார்டு, ஒரே ஒரு தட்டில். எடுத்துவிடலாமா என்று ஒரு தடவை கை போனது. எடுக்கவில்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கத்து மண்டபங்களில் சீர் வரும்போது வாசலில் ஒருவர் மைக்கோடு நிற்பார். யார் சீர், எந்த ஊர், என்ன முறை என்று ஒவ்வொன்றாக அறிவிப்பார். அவர் கண்ணில் படட்டும் என்று உறவுக்காரர்கள் தங்கள் பெயரைச் சீட்டில் எழுதித் தட்டின் முன்னால் ஒட்டிவிடுவார்கள். தட்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ அவர் சீர் அது. ராமசுப்பு மட்டும் சீட்டு ஒட்டவில்லை. தாய்மாமன் பெயரை எழுதித்தான் தெரிய வேண்டுமா, ஊருக்கே தெரியாதா என்று மறுத்துவிட்டார். அவ்வளவு பெரிய மனிதர்.

மைக் பிடித்த நவநீதகிருஷ்ணன் வெளியூர்க்காரர். மேளம் முழங்க ஊர்வலம் வாசலுக்கு வந்தது. முன்னால் மாலையும் பட்டு வேட்டியுமாக ராமசுப்பு. அவருக்குப் பின்னால் மயில். நவநீதகிருஷ்ணன் கண்ணாடியைச் சரிசெய்து, குனிந்து, கார்டைப் பார்த்தார்.

"அடுத்ததாக, மண்டபமே மூக்கில் விரலை வைக்கும்படியான இந்தத் தாய்மாமன் சீரை, பரளச்சி காளீஸ்வரி, விஜயபாண்டி தம்பதியினர் கொண்டு வருகிறார்கள்."

நாலு தெருவுக்குக் கேட்டது. ராமசுப்பு நடந்த இடத்திலேயே நின்றுவிட்டார். மேளக்காரர்கள் ஒன்றும் தெரியாமல் இன்னும் பலமாக அடித்தார்கள்.

மண்டபத்தின் பின்வாசலில் ஆட்டோ ஓரமாக நின்றுகொண்டிருந்த காளீஸ்வரிக்கும் கேட்டது. பக்கத்தில் ஜன்னலோரம் இரண்டு பெரியம்மாக்கள் அதற்குள் விவரம் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

"பரளச்சியில நமக்கு யாரு இருக்கா?"

"ஏன், செல்வலட்சுமி அம்மா வழியில ஒரு பங்காளிக வகையறா இல்ல? ரொம்ப நாளு போக்குவரத்து இல்லாம இருந்தாகளே."

"ஆமா, ஆமா. அந்த விஜயபாண்டி சின்னப்பிள்ளையில நம்ம வீட்டுல வந்து விளையாடியிருக்கான். மூக்கு அப்படியே அவுக தாத்தா மூக்கு."

விஜயபாண்டி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஒரு கார்டு போதும். ஒரு பெயரை மைக்கில் சொன்னால் போதும். தாத்தாவும் மூக்கும் விட்டுப்போன சொந்தமும் தாமாக முளைத்துவிடுகின்றன. ரத்தம், வம்சம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறார்களே, அந்த வம்சத்தின் லட்சணம் இவ்வளவுதான்.

யாரோ வந்து, பரளச்சியிலிருந்து வந்தவர்கள் யார், மேடைக்கு வரச் சொல்கிறார்கள் என்று கூப்பிட்டார்கள். ஆட்டோவில் ஏறிப் போய்விடலாம். சாவி விஜயபாண்டி கையில்தான் இருந்தது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். போவோமா என்று கேட்கவில்லை. அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே நடந்தாள்.

மேடைக்குக் கீழே ராமசுப்பு சிவந்து போய் நின்றார். செல்வலட்சுமி அவளைப் பார்த்ததும் யாரென்று தெரியாமல் விழித்தாள். போனில் கேட்ட குரல்தான் அடையாளம் காட்டியது. தட்டு செய்தது நான்தான் அக்கா என்றாள் காளீஸ்வரி. செல்வலட்சுமி மூச்சு விட்டாள். தப்பு தெரிந்துவிட்டது, சரி, முடிந்தது என்று அவள் கையமர்த்துவதற்குள் ராமசுப்பு அந்தக் கேள்வியைக் கேட்டார். அது வராமல் இருக்குமா?

"பரளச்சியில எந்தத் தெரு?"

நவநீதகிருஷ்ணன் தன் தவறைத் திருத்தி அறிவிக்க மைக்கோடு பக்கத்தில் வந்து நின்றிருந்தார். மைக் அணைக்கப்படவில்லை.

"காலனிங்க" என்றாள் காளீஸ்வரி. அவள் குரல் மண்டப வாசலில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயில் போய்த் திரும்பி அவள் காதிலேயே விழுந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. "உங்க சீருக்கு என் பேர வாசிச்சது தப்புதான். அத மாத்திச் சொல்லச் சொல்லுங்க. தட்டு செஞ்சதுக்கு என் பேர வச்சது தப்பில்ல. செஞ்சது நான்தான்."

கொஞ்ச நேரம் முன்பு விஜயபாண்டியின் மூக்கில் சொந்தம் கண்டுபிடித்த பெரியம்மா வாயைச் சேலையால் மூடிக்கொண்டார். பழத்தட்டுகளை வெளியே எடுக்கச் சொல்லி ராமசுப்பு கையை நீட்டினார். ஆனால் எதை எடுப்பது? ஊர்வலம் வந்த வேகத்தில் பிள்ளைகள் லட்டுத் தட்டைக் காலி பண்ணியிருந்தார்கள். தர்பூசணித் தாமரையில் பாதி இதழைக் காணோம். ராமசுப்புவின் சொந்தப் பேரனே ஒன்றைக் கடித்துக்கொண்டு, சாறு வழிய அவர் காலடியில் நின்றான்.

செல்வலட்சுமி அண்ணன் கையைப் பிடித்து இறக்கினாள். அவள் பெரிய நியாயம் எதுவும் பேசவில்லை.

"விடுண்ணே. நேரம் போகுது, பிள்ள எம்புட்டு நேரம் உக்காந்திருக்கும். நீ சீட்டு ஒட்டியிருந்தா இது வந்திருக்குமா?"

நவநீதகிருஷ்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தாய்மாமன் சீர் ராமசுப்பு அவர்களுடையது என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, தட்டு அலங்காரம் பரளச்சி காளீஸ்வரி என்று சேர்த்துக்கொண்டார். விட்டுப்போனதைச் சேர்த்து வாசிப்பது அவர் தொழில். வேறு எதையும் அவர் நினைத்தாரோ என்னவோ.

அந்தச் சடங்கு வீடியோ எப்படியோ வெளியே வந்துவிட்டது. கோகுல் அதைக் காட்டி, இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது அக்கா, பக்கத்தில் போட்டுவிடுவோம் என்று துள்ளினான். காளீஸ்வரி ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சிறுமி அதில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், அவளைக் கேட்காமல் எப்படிப் போடுவது என்றாள். அதற்குப் பதிலாகத் தன் வீட்டு வாசலில், சீமைக்கருவேலப் புதர் பின்னால் தெரிய, வாழ்க்கையில் முதல் தடவையாகச் செல்போன் முன்னால் முகத்தைக் காட்டி நின்றாள். என் பேரு காளீஸ்வரி, பரளச்சி காலனி, இந்தக் கை என் கை என்று சொல்லிவிட்டுப் புடவையை மடிக்க ஆரம்பித்தாள். மடிப்பை மறைக்காமல் முதலிலிருந்து மயில் முடியும்வரை காட்டினாள். வெளியூர் ஆள் அவள் படங்களைத் தன் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிவிட்டார். வீடியோவுக்குக் கீழே அசிங்கமாக எழுதியவர்களும் உண்டு. பேசி வைத்திருந்த வேலைகளில் பல, தேதி தள்ளிப்போகிறது என்ற நாசூக்கோடு நின்று போயின. ஆவணி வரை வீட்டில் கை ஓய்ந்துதான் இருந்தது. அதன் பிறகு மல்லாங்கிணறு, காரியாபட்டி என்று அவள் போகாத ஊர்களிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நம்மில் ஒருத்தி என்று கூப்பிட்டவர்களும் இருந்தார்கள். மயிலுக்காக மட்டும் கூப்பிட்டவர்களும் இருந்தார்கள்.

கார்டை இரண்டாம் முறை அடித்தபோது, தன் பெயருக்கு மேலே தட்டு செய்தவர் என்று ஒரு வரி சேர்த்தாள். இனி யாரும் அவளை எவருக்கும் தாய்மாமனாக்க முடியாது.

ஐப்பசியில் செல்வலட்சுமியிடமிருந்து போன் வந்தது. சுற்றி வளைத்து நலம் விசாரித்தாள். நாத்தனார் வீட்டில் வளைகாப்பு, உன் கை மாதிரி யாருக்கும் வரவில்லை, அங்கேயும் நீதான் செய்ய வேண்டும் என்றாள். பழத்தட்டும் சேர்த்துத்தான் என்றாள். அதை அவளாகவே சொன்னது காளீஸ்வரிக்குப் பெரிதாகப் பட்டது. பிறகு செல்வலட்சுமி குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கண்ணனும் அங்க வருவாரும்மா. அந்தக் கார்டு மட்டும் வேண்டாமே. எனக்காக."

காளீஸ்வரி கையிலிருந்த, பசை ஒட்டும் குளூ கன்னை ஓரமாக வைத்தாள். செல்வலட்சுமி கெட்டவள் இல்லை. அன்றைக்கு அண்ணன் கையைப் பிடித்து இறக்கியவள் அவள்தான். இல்லை என்று சொல்ல நாக்கு கூசியது.

"கார்டு இல்லாம தட்டு வெளிய வராதுக்கா" என்றாள்.

போனை வைத்துவிட்டாளோ என்று காளீஸ்வரி திரையைப் பார்த்தாள். வைக்கவில்லை.

"சரி, மயிலு வேணும்" என்றாள் செல்வலட்சுமி கடைசியில். "புடவை பச்சையில இருக்கு. எப்பக் கொண்டுவந்து கொடுக்க? அந்த ஃபிளெக்ஸ் கடைக்கா?"

"இல்லக்கா. வீட்டுக்கு வாங்க. பரளச்சி காலனின்னு கேளுங்க. பேரச் சொன்னா காட்டுவாக."